பீன்ஸ் பொரியல் பச்சை மாறாமல் இருக்க

அபிராமம் பக்கம் கிடைக்கும் பீன்ஸ் மலையிலிருந்து லாரியில் வருவது. நம் வெயிலில் சீக்கிரம் வாடிவிடும்.

1. வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிந்தால் பிஞ்சு. விதை புடைத்திருந்தால் நார் முற்றிவிட்டது.

2. வாடிய காயை அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். நீரை இழுத்து மறுபடி விறைக்கும். பிறகு நறுக்குங்கள், நறுக்கிவிட்டுக் கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

3. கடுகு, உளுந்து தாளித்து, நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய் மூன்றைக் கிள்ளிப் போடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்தப் பொரியலுக்கு வேறு மிளகாயை நான் சொல்லமாட்டேன். தீயைக் குறைத்தே வறுங்கள். ஒரு துண்டு கருகினாலும் சட்டி முழுக்கக் கமறும்.

4. கால் கிலோ காய்க்குக் கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, மூடாமல் வேகவிடுங்கள். மூடினால் காயிலிருந்து கிளம்பும் புளிப்பு ஆவி உள்ளேயே தங்கி நிறத்தை மங்கடிக்கும். குக்கர் வேண்டவே வேண்டாம்.

5. தேங்காய்த் துருவலை இறக்கும்போது தூவுங்கள், வாசம் நிற்கும்.

பீன்ஸ் விலை ஏறிய நாளில் கொத்தவரங்காய் வாங்குங்கள். அதற்கு மட்டும் கருப்பட்டி ஒரு சிட்டிகை, கசப்பு தெரியாது.