கேபிளுக்குள் ஒரு சிப் இருக்கிறது

கேள்வி: பெருமாநல்லூர் பக்கம் பனியன் கம்பெனியில் நிட்டிங் ஃபிட்டராக இருக்கிறேன். போன மாதம்தான் ஹாம் லைசென்ஸ் கைக்கு வந்தது. பாவோஃபெங் யூவி-5ஆர் செட்டும் புரோகிராமிங் கேபிளும் வாங்கினேன். வீட்டு லேப்டாப்பில் (விண்டோஸ் 11) செட்டில் சேனல் ஏற்ற உதவும் சிர்ப் மென்பொருள் போர்ட்டையே திறக்க மாட்டேன் என்கிறது. ஆபீஸிலுள்ள பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் போர்ட் திறக்கிறது, ஆனால் 'ரேடியோ பதில் தரவில்லை' என்று வருகிறது. செட் பழுதுங்களா? சரியானால் வாட்ச்மேன்களுக்கும் இதே செட்டில் சேனல் போட்டுத் தரச் சொல்கிறார் முதலாளி. செய்யலாமா?
– ஒரு வாசகர், பெருமாநல்லூர்

பதில்: செட்டைப் பழுது பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்து, வந்த செய்தியை அப்படியே எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் பிரித்துச் சொல்ல முடிகிறது.

முதலில் வீட்டு லேப்டாப். இந்தக் கேபிள் வெறும் வயர் இல்லை. யூஎஸ்பி முனையின் தடித்த தலைக்குள் ஒரு சிப் உண்டு. கம்ப்யூட்டர் பேசும் யூஎஸ்பி மொழியை, செட்டுக்குப் புரிகிற சீரியல் மொழிக்கு மாற்றுவது அதன் வேலை. விலை குறைந்த கேபிள்களில் பெரும்பாலும் இருப்பது தைவானின் புரோலிஃபிக் நிறுவனத்து பிஎல்2303 சிப்பின் பழைய ரகம், அல்லது அதன் போலி. புதிய டிரைவர் இந்த இரண்டையுமே ஏற்காது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'போர்ட்ஸ்' வரிசையைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' என்ற எண்ணும் இருந்தாலோ, பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்ற பொருளில் ஆங்கில வரி ஒன்று இருந்தாலோ, சந்தேகமே வேண்டாம், இதுதான்.

அதே இடத்தில் 'அப்டேட் டிரைவர்' போய், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே உள்ள டிரைவர் பட்டியலிலிருந்து 3.2.0.0 போன்ற பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் பல கேபிள்கள் உயிர் பெறும். ஆனால் விண்டோஸ் தானாக அப்டேட் ஆகும்போது புதியது மறுபடி ஏறிக்கொள்ளும். நான் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். இந்தப் பழைய சிப்பை அது பெரும்பாலும் தகராறு இல்லாமல் ஏற்கும், பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்தால் போதும். புதிதாக வாங்குவதென்றால் எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நிம்மதி உண்டு.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் போர்ட் திறக்கிறது என்றால் அங்கே டிரைவர் சரி. அப்புறமும் செட் பதில் தராததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது பிளக்கை. யூவி-5ஆர் செட்டில் கேபிளின் இரட்டை பிளக் பல நேரம் முழுசாக உட்காருவதில்லை. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்பு செட்டின் உடம்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். அப்படியும் உட்காராவிட்டால் விளிம்பைக் கத்தியால் கொஞ்சம் சீவலாம். செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிட்டிங் செக்‌ஷனில் நடமாடுகிறவர் என்றால் சாக்கெட்டுக்குள் பஞ்சு அடைத்திருக்கவும் வாய்ப்புண்டு. மிஷின் ஊசியில் பஞ்சு சேர்ந்தால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலர்ந்த பிரஷ்ஷால் மெதுவாக எடுங்கள். பிறகு செட்டை ஆன் செய்து, ஒலியைப் பாதிக்கு வைத்து, சிர்ப்பில் மாடலும் போர்ட் எண்ணும் சரியா என்று பார்த்து முயலுங்கள்.

தொடர்பு கிடைத்ததும் ஆர்வத்தில் உடனே எழுதிவிடாதீர்கள். முதல் வேலை, செட்டில் இருப்பதைப் படித்து, அந்தக் கோப்பைத் தொடாமல் தனியாகச் சேமிப்பது. ஏதாவது குளறுபடியானால் பழையபடி திரும்பிப் போக அதுதான் நம்பகமான வழி. வேறொருவர் செட்டின் கோப்பை வாங்கி அப்படியே ஏற்றவும் வேண்டாம். உங்கள் செட்டிலிருந்து படித்ததைத் திருத்தி, அதையே திரும்ப எழுதுங்கள்.

முதலாளி கேட்டதற்கு என் பதில்: கூடாது. ஹாம் அலைவரிசை தொழிலுக்கு உரியதல்ல, வாட்ச்மேன்களுக்கு லைசென்ஸும் இல்லை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பேச இந்தியாவில் 2018 முதல் அனுமதி உண்டு. ஆனால் அதற்கென்று அங்கீகாரம் பெற்ற குறைந்த சக்தி செட்டுகளில்தான் பேசலாம், யூவி-5ஆர் அந்தக் கணக்கில் வராது. உங்கள் கால்சைன் உங்கள் பெயரில் வந்தது. அதை முதலாளிக்காகப் பணயம் வைக்காதீர்கள், அங்கீகாரம் பெற்ற அந்தக் குறைந்த சக்தி செட்டுகளையே வாங்கிவிடலாம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் செட்டிலும் 144–146, 434–438 மெகாஹெர்ட்ஸுக்கு வெளியே தவறிக்கூட அனுப்பாதபடி, கேட்க மட்டும் வைக்கும் சேனல்களில் 'டூப்ளெக்ஸ்' கட்டத்தில் 'ஆஃப்' என்று போடுங்கள். பேசும் பொத்தானை (பிடிடி) அழுத்தினாலும் அனுப்பாது. அப்படி ஒரு சேனலில் 145.800-ஐயும் வையுங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் ஒலிபரப்பு அதில் வருவதுண்டு. நிலையம் நம் ஊரைக் கடக்கும் நேரம் பார்த்து மொட்டை மாடிக்குப் போனீர்களானால், ஒலிபரப்பு இருக்கும் நாளில் அந்தக் குரல் உங்கள் கைச் செட்டிலேயே கேட்கும்.