நிதித்துறை நேர்காணலுக்கு எதைப் படிப்பது?

பி.காம். முடித்த பிள்ளைகள் கல்வி உதவி கேட்டு நமது அலுவலகத்துக்கு வரும்போது, சிலர் ஒரு விளம்பரத் தாளையும் கொண்டுவருகிறார்கள். நிதித்துறை வேலைக்கு நேர்காணல் பயிற்சி, வேலைக்கு முழு உத்தரவாதம், கட்டணம் நாற்பதாயிரம் என்று அதில் இருக்கிறது. அந்தப் பணத்துக்காகத் தாயாரின் வளையல் அடகுக் கடைக்குப் போன வீடுகளும் உண்டு. இத்தகைய கட்டணங்களுக்கு உதவித்தொகை கொடுப்பதில்லை என்று நிர்வாகக் குழுவில் முடிவெடுத்திருக்கிறோம். 'படிக்கிற பிள்ளைக்கு இல்லை என்கிறார்களே' என்று சில பெற்றோருக்கு மனவருத்தம். ஆகவே காரணத்தை விளக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நேர்காணலுக்கு வேண்டிய பாடங்களில் பெரும்பகுதி காசில்லாமலே கிடைக்கிறது. குவிந்து கிடப்பதில் எதை எடுப்பது என்பதுதான் பிரச்சினை.

முதலில், எந்த வேலைக்கான நேர்காணல் என்று தெளிவாக வேண்டும். வெளிநாட்டு முதலீட்டு நிதிகளுக்குக் கணக்கு வைக்கும் சென்னை அலுவலகங்களில், ஒரு யூனிட்டின் நிகர மதிப்பான என்.ஏ.வி.யை எப்படிக் கணக்கிடுவது, வங்கிக் கணக்கும் நமது பதிவேடும் ஒத்துப்போகாவிட்டால் எங்கே தேடுவது என்று கேட்பார்கள். ஆடிட்டர் அலுவலகத்திலும் கம்பெனிக் கணக்குப் பிரிவிலும் ஜர்னல் பதிவு, டி.டி.எஸ்., ஜி.எஸ்.டி., டேலி. வங்கியின் கடன் பிரிவு என்றால் வாராக்கடன். ஆனால் பிள்ளைகளின் கைபேசியில் இருப்பதோ நியூயார்க் முதலீட்டு வங்கிகளுக்காக எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான கேள்விகள். கடன் வாங்கி ஒரு கம்பெனியையே விலைக்கு வாங்கும் கணக்கெல்லாம் மனப்பாடம். கடனுக்குச் சரக்கு விற்றால் எதைப் பற்று வைப்பது, எதை வரவு வைப்பது என்றால் தடுமாற்றம்.

ஒரு நூலோ காணொளியோ தேறுமா என்று பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும். எங்கும் கேட்கப்படுகிற கேள்விதான்: தேய்மானம் 1,000 ரூபாய் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்? வரி 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் 1,000 குறைகிறது. வரி 250 குறைகிறது. ஆக நிகர லாபம் 750 குறைகிறது. ரொக்க ஓட்ட அறிக்கை அந்த 750 குறைவோடு தொடங்குகிறது. தேய்மானத்துக்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை என்பதால் அந்த 1,000ஐத் திரும்பக் கூட்டுகிறோம். ரொக்கம் 250 கூடிவிடுகிறது. இருப்புநிலைக் குறிப்பில் இயந்திரத்தின் மதிப்பு 1,000 குறைந்து ரொக்கம் 250 கூடுவதால் சொத்து 750 குறைகிறது. மறுபக்கத்தில் சேர்ந்திருக்கும் லாபமும் அதே 750 குறைந்து சரியாகிவிடுகிறது. (வரிச் சட்டமும் அதே தேய்மானத்தை ஏற்கிறது என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு. அதையும் சேர்த்துச் சொல்கிற பிள்ளையை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள்.) செலவு கூடும்போது ரொக்கம் எப்படிக் கூடும் என்பதற்கு, வரி மிச்சமானதால் என்று காரணம் காட்டும் நூலை வைத்துக்கொள்ளுங்கள். விடையை மட்டும் அச்சிட்ட தொகுப்பு, கேட்பவர் தேய்மானத்துக்குப் பதிலாக வட்டி என்று மாற்றிக் கேட்டாலே கைவிட்டுவிடும்.

அடிப்படையில் சந்தேகம் உள்ளவர்கள், பட்டம் வாங்கியிருந்தாலும் கூச்சப்படாமல், தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூலை எடுக்கலாம். விகிதப் பகுப்பாய்வும் டேலியும் அதில் உண்டு. தமிழ்வழியில் படித்தவர்கள் தமிழ் நூலையும் ஆங்கில நூலையும் அருகருகே வைத்துப் படித்தால் கலைச்சொல் பயம் போய்விடும். அதற்கு மேல், பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐ.சி.ஏ.ஐ. இணையத்தில் வைத்திருக்கும் பாடநூல்கள், சி.ஏ. சேராதவர்களும் இலவசமாகப் படிக்கலாம். பங்குச் சந்தை சார்ந்த வேலைக்கு, செபி ஏற்படுத்திய என்.ஐ.எஸ்.எம். நிறுவனத்தின் தேர்வு ஒன்றை எழுதுவது நல்லது; அந்தச் சான்றிதழுக்குத் துறையில் மதிப்பு உண்டு. கம்பெனிகளின் மதிப்பீட்டைக் கற்க விரும்புவோருக்கு, சென்னை லயோலா கல்லூரியில் பி.காம். படித்து இன்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் பேராசிரியர் அஸ்வத் தாமோதரனின் வகுப்புகள் இணையத்தில் இலவசம். பற்று வரவு தெரியாமல் அங்கே போக வேண்டாம்.

எல்லாவற்றிலும் நாம் அதிகம் வலியுறுத்துவது ஆண்டறிக்கையை. ஒன்றே ஒன்று, முழுதாக. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் அறிக்கைகளை அவரவர் தளத்திலேயே பெறலாம். வங்கி வேலைக்குப் போகிறவர் கும்பகோணம் சிட்டி யூனியன் வங்கி, கரூர் வைஸ்யா வங்கி, தூத்துக்குடி தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி இவற்றில் ஒன்றை எடுக்கட்டும். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடன் ஆகிறது என்ற விதியைப் படித்த கையோடு, மொத்த வாராக்கடன் எவ்வளவு, ஒதுக்கீடு போக நிகரம் எவ்வளவு, சென்ற ஆண்டைவிடக் கூடியதா குறைந்ததா என்று தேடட்டும். முதலில் தலைவர் உரையின் வண்ணப் பக்கங்களைத் தாண்டிவிட்டு, தணிக்கையாளர் அறிக்கைக்கும் கணக்குக் குறிப்புகளுக்கும் போக வேண்டும். 'சமீபத்தில் எந்த நிறுவனத்தின் கணக்கைப் பார்த்தீர்கள்?' என்ற கேள்விக்கு, பிள்ளை தானே பார்த்த எண்ணோடு பதில் சொல்ல இது ஒன்றே வழி.

பழைய புத்தகக் கடையில் வாங்குவோர் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறி, பெரும்பாலான பொருட்கள் 5, 18 சதவீதங்களுக்குள் வந்துவிட்டன. புதிய வருமான வரிச் சட்டத்துக்கு நடைமுறை நாள் 2026 ஏப்ரல் 1. வரி நூல் புதிதாக இருக்க வேண்டும். இரட்டைப் பதிவு முறைக்கு அண்ணன் படித்த புத்தகமே போதும்.

என்.ஐ.எஸ்.எம். தேர்வுக் கட்டணத்தை, தகுதியுள்ள மாணவ மாணவியருக்கு அறக்கட்டளை செலுத்தும். மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்றிதழ், விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரம், தாங்கள் படித்த ஆண்டறிக்கையைப் பற்றிக் கையால் எழுதிய இரண்டு பக்கம் ஆகியவற்றுடன் அலுவலகத்துக்கு வரவும். அந்த இரண்டு பக்கத்தை வைத்துத்தான் முதல் பேச்சு இருக்கும்.