தலவிலையில் வலசைப் பறவை பார்க்க

புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஓகஸ்ட் திருவிழா முடிந்ததும், வடக்கிலிருந்து விருந்தாளிப் பறவைகள் வரத் தொடங்கும்.

• காலம்: ஓகஸ்ட் இறுதி முதல் ஏப்ரல் வரை.

• வெளிச்சம்: காலையில் மேற்கே கடற்கரை, மாலையில் கிழக்கே புத்தளம் களப்பு. வெயில் உங்கள் முதுகில் விழுந்தால் இறகின் நிறம் தெளிவாகத் தெரியும்.

• அடையாளம்: அலகைக் கவனியுங்கள். குட்டை அலகோடு ஓடி, நின்று, கொத்தினால் உப்புக்கொத்தி. சற்று நீண்ட அலகால் சேற்றைத் துழாவினால் உள்ளான். மிக நீண்டு கீழ்நோக்கி வளைந்திருந்தால் கோட்டான்.

• இடைவெளி: கூட்டம் தலைநிமிர்ந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். விரட்டிப் பறக்கவைத்தால், பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பு வீணாகும். நாயைக் கூட்டிச் செல்லாதீர்கள்.

• நன்னீர்ப் பறவைகளுக்கு: சிலாபத்துக்கு வடக்கே, 2001இல் ராம்சார் தலமாக (உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட ஆனைவிழுந்தான் குளங்கள்.