நினைவு நுரைத் தலையணை: தூய்மையும் காப்பும்

தலையணையை வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வந்த விதி. அவ்விதி இலவம் பஞ்சுத் தலையணைக்குச் சாலவும் பொருந்தும். இலவம் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்றுடைய ஒரு நுண்குழல். அதன் மேல் மெழுகு போன்ற பூச்சு உண்டு. நீர் அதில் எளிதில் ஒட்டாது. அதனாலன்றோ முற்காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளில் அதனை அடைத்தார்கள்! வெயிலில் இட்டால் இழைகளுக்கு இடையே தங்கிய ஈரம் நீங்கும். தட்டினால் அமுங்கிய இழைகள் பிரிந்து தலையணை மீண்டும் பொலியும். எனவே பாட்டியின் விதி பொருளின் இயல்பறிந்து எழுந்த விதி; வெறும் வழக்கமன்று.

ஆனால் இன்று டில்லிக்குப் படிக்க வரும் நம் மாணவர் பலருடைய கட்டிலில் இருப்பது இலவம் பஞ்சன்று. கழுத்து வலிக்கு நல்லது என்று கேள்விப்பட்டுக் கமலா நகர்க் கடைவீதியிலோ வேறெங்கோ வாங்கிய 'மெமரி ஃபோம்' தலையணை அது. தமிழில் அதனை 'நினைவு நுரை' என்போம். பொருள் புதிது, ஆனால் விதி மட்டும் பழையதாகவே இருக்கிறது. வெயிலில் போடுகிறார்கள், வாளியில் முக்குகிறார்கள், துணியைப்போல் முறுக்கிப் பிழிகிறார்கள். ஓராண்டில் அது மஞ்சளாகிப் பொடிப்பொடியாக உதிர்கிறது. பாலிமர் வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இப்பொருளின் இயல்பு யாது, அதற்கேற்ற விதிகள் யாவை என்பதைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

நுரையின் பிறப்பு

நினைவு நுரையின் தாய்ப்பொருள் பாலியூரிதேன். 1937-ஆம் ஆண்டு செருமனியில் லெவர்குசன் நகரில் ஆட்டோ பாயர் என்னும் வேதியியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இதனைக் கண்டனர். பின்னர் 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காகச் சார்லஸ் யோஸ்ட் என்பவர், விமான இருக்கைகளில் மோதலின் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தை ஒன்றை ஆக்க முயன்றார். அம்முயற்சியில் விளைந்ததே மெதுவாக அமுங்கி மெதுவாக மீளும் இந்நுரை. விமானிக்காகப் பிறந்த பொருள் நம் விடுதி அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

இதற்கு 'நினைவு' வந்தது எங்ஙனம்? ரப்பர்ப் பந்தை அழுத்தினால் உடனே மீள்கிறது. தேனை விரலால் அழுத்தினால் வழிந்து நகர்கிறது, மீள்வதில்லை. இவ்விரண்டு குணங்களும் ஒருங்கே அமைந்த பொருள் நினைவு நுரை. அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் வெப்பத்தில் இளகிக் குளிரில் இறுகும். தலையின் சூடு பட்ட இடம் மட்டும் இளகித் தலைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கிறது. தலையை எடுத்தால் சில நொடிகளில் பழைய வடிவத்தை அடைகிறது.

இதிலிருந்து முதற் பயனைப் பெறலாம். டில்லியின் சனவரி இரவில் அறை குளிர்ந்து கிடக்கும்போது தலையணை பலகைபோல் கடினமாக இருந்தால், அது கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டா. ரஜாய்க்குள் கால் மணி நேரம் வைத்துப் பாருங்கள், தானே இளகும். அவ்வாறு இளகிய பின்னரும் கையால் அழுத்திய குழி மீளாமல் நின்றால்தான் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம்.

நீரும் நுரையும்

இனி, ஏன் இதனை நீரில் முக்கலாகாது என்பதைக் கணக்கிட்டே காண்போம். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தலையணையின் கன அளவு 28.8 லிட்டர். லிட்டருக்கு 50 கிராம் அடர்த்தியுள்ள நுரை என்று கொண்டால், அதன் எடை 1.44 கிலோகிராம். பாலியூரிதேன் நீரைவிடச் சற்றே கனமானது. லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். ஆகவே 28.8 லிட்டரில் திண்பொருள் இருப்பது 1.2 லிட்டர் மட்டுமே. எஞ்சிய 27.6 லிட்டரும் வெற்றிடம். ஒன்றோடொன்று திறந்து கிடக்கும் நுண்ணறைகள்.

அவ்வறைகளில் பத்தில் ஒரு பங்கு நீர் நிரம்பினாலே தலையணையின் எடையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நீர் உள்ளே ஏறிவிடும். அந்நிலையில் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் மெல்லிய அறைச்சுவர்கள் கிழியும். முறுக்கினால் சொல்ல வேண்டியதே இல்லை. சலவை எந்திரம் செய்வதும் இதுவே.

கிழியாமல் எடுத்துவிட்டாலும் உலர்த்துவது எளிதன்று. நடுவிலுள்ள ஈரம் நுண்ணறை நுண்ணறையாக ஊர்ந்து வெளியேற வேண்டும். ஈரம் இறங்கிய ஆழம் இருமடங்கானால் உலரும் காலம் ஏறத்தாழ நான்மடங்காகும். மேலே அரை சென்டிமீட்டர் மட்டும் நனைந்தது சில மணி நேரத்தில் உலரும். நடுவரை, அதாவது 6 சென்டிமீட்டர், நனைந்ததற்காகக் காத்திருப்பவர் இலவு காத்த கிளியே. மேற்புறம் உலர்ந்துவிட்டது என்று எண்ணி உறையிட்டுப் படுப்பார். உள்ளே பூஞ்சை வளரத் தொடங்கியிருக்கும்.

மூச்சின் கதை

பூஞ்சை ஒருபுறம் இருக்க, தூசி உண்ணி என்னும் இன்னொரு குடியிருப்பும் உண்டு. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்படாத சிற்றுயிர். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களே அதன் உணவு. அது நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்திலிருந்தே நீரைப் பெறுகிறது. அதனுடைய கழிவிலுள்ள புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமையையும் இளைப்பையும் தூண்டும். நுரைத் தலையணையில் உண்ணி வாராது என்று விற்பவர் சிலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டா. செதிலும் ஈரமும் உள்ள இடமெல்லாம் அதற்கு வீடுதான்.

என் அறைத் தோழர் தஞ்சை மாவட்டத்தவர். சிறு வயது முதலே இளைப்பு உடையவர். பனிக்காலத்தில் சன்னலை அடைத்து இருவர் மூச்சுவிடும் அறையில் அவர் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறும் இரவுகளை நான் கண்டிருக்கிறேன். அவ்வேளையில் பாடப் புத்தகத்திலுள்ள எந்தச் சமன்பாடும் நினைவுக்கு வாராது. அவருடைய மருத்துவர் மருந்தோடு கூறிய அறிவுரைகளுள் ஒன்று, தலையணைக்கு நெருக்கமான நெசவுள்ள உள்ளுறை இட்டு, மேலுறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைக்க வேண்டும் என்பது. மருந்தை விடாமல் அதனோடு இதையும் அவர் கடைப்பிடித்து வருகிறார். இவ்வாறான நோய் உடையவர்களுக்குத் தலையணைத் தூய்மை என்பது அழகுக்கான காரியமன்று. இரவின் உறக்கமே அதில் அடங்கியிருக்கிறது.

உண்ணிகளைக் கொல்ல ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெந்நீர் வேண்டும். வெப்பமானி இல்லையே என்று கவலற்க. குழாய் நீர் 20 பாகை அளவில் உள்ள காலத்தில், கொதிநீர் ஒரு பங்கும் குழாய் நீர் ஒரு பங்கும் கலந்தால் 60 பாகை வந்துவிடும். வாளியை மூடி வைத்து உறையைக் கால் மணி ஊறவிட்டுத் துவைக்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: இது பருத்தி உறைக்குரிய முறை, நுரைக்கு உரியதன்று.

தூய்மை செய்யும் முறை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நுரையைப் பின்வருமாறு தூய்மை செய்யலாம்.

முதலாவது, உறைகளைக் கழற்றித் தலையணையில் தைத்துள்ள சீட்டைப் படியுங்கள். அதில் உள்ள விதியே முதல் விதி. பிறகு மென்மையான தூரிகையால் தூசியைத் துடையுங்கள். தூசி உறிஞ்சும் கருவி கிடைத்தால் இன்னும் நன்று.

இரண்டாவது, கறைகள். நம்மவர் தலையணையில் முதற் கறை தேங்காய் எண்ணெயே! அது ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும்; ஆதலின் குளிர்காலத்தில் தண்ணீர் கொண்டு துடைத்தால் அசையாது. வெதுவெதுப்பான நீர் வேண்டும். ஒரு குவளை நீரில் அரைத் தேக்கரண்டி கம்பளிக்குரிய திரவச் சலவைப்பொருளைக் கலக்கி, அதன் நுரையை மட்டும் துணியில் தொட்டு, துணியை நன்கு பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டா. பிறகு வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, முடிவில் உலர்ந்த துண்டால் அழுத்தி எடுங்கள். குளியல் சோப்பைப் பயன்படுத்தாமைக்குக் காரணம் உண்டு. இந்நகரின் நிலத்தடி நீர் பல இடங்களில் கடின நீர். அதிலுள்ள கால்சியம் சோப்போடு கூடிக் கரையாத வெண்படிவை உண்டாக்கும். அது நுண்ணறைகளில் தங்கிவிடும்.

மூன்றாவது, நாற்றம். வியர்வையின் நாற்றத்துக்குக் காரணமான பொருள்களுள் பல கொழுப்பு அமிலங்கள். சமையல் சோடா சிறிது காரத்தன்மை உடையது; அது அமிலத்தோடு கூடி ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. நுரை நன்றாக உலர்ந்திருக்கும்போது ஒரு மேசைக்கரண்டி சோடாவைச் சலித்துத் தூவி, ஒரு மணி நேரம் கழித்துத் தூரிகையால் முற்றும் நீக்குங்கள். இங்குள்ள கடைகளில் 'மீட்டா சோடா' என்று கேட்டால் தருவார்கள். சலவைச் சோடா வேறு; அது கடுங்காரம், வாங்கிவிட வேண்டா. வெளுப்பு நீரும் நகப்பூச்சு நீக்கும் திரவமும் நுரைக்குப் பகை.

தேநீர் முதலியன கொட்டிவிட்டால் உடனே உலர்ந்த துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். முதல் ஒரு நிமிடத்தில் உறிஞ்சி எடுத்த நீர், பிறகு ஒரு நாள் காத்திருப்பதை மிச்சப்படுத்தும்.

வெயிலும் நெருப்பும்

உலர்த்துவதற்கு ஏற்றது நிழலும் காற்றும். கதிரவனின் புறஊதாக் கதிர்கள் பாலியூரிதேனின் சங்கிலிகளை ஆக்சிசனோடு கூட்டி முறிக்கின்றன. மஞ்சள் நிறமும் உதிர்வும் அதன் விளைவே. தலையணையைக் கம்பி நாற்காலியின் மேல் கிடத்தி, மின்விசிறியின் கீழ் வைத்து, இடையிடையே திருப்பிவிடுங்கள். மே, சூன் மாதங்களின் உலர்ந்த காற்று இதற்கு மிக நன்று. சூலை, ஆகஸ்டு மழை நாட்களில் நுரையை நனைக்காமலிருப்பதே அறிவுடைமை.

இங்கே ஒன்றைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் ஈரத் தலையணையை மின்கணப்பின் முன்னே சாய்த்து வைப்பதை நான் பல அறைகளில் கண்டிருக்கிறேன். சென்ற சனவரியில் எங்கள் தாழ்வாரத்தில் ஓர் அறையிலிருந்து கருகல் நாற்றம் வந்தது. நல்லவேளையாக அறைக்குரியவர் உள்ளேயே இருந்தார். தலையணையின் ஓரம் கருகியதோடு போயிற்று. அவர் கதவைப் பூட்டிவிட்டு உணவுக்கூடத்துக்குச் சென்றிருந்தால்? பாலியூரிதேன் எரியும்போது வெளிப்படும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஐதரசன் சயனைடும் உண்டு. தீ உடலைத் தொடுமுன்னே புகை உயிரைக் கவரக்கூடும். கணப்பின் முன்னும், இஸ்திரிப் பெட்டியின் கீழும், விளக்குச் சுடரின் அருகும் நுரை இருத்தலாகாது. ஓர் இரவு தலையணையின்றி உறங்குவதால் யாரும் கெட்டுப்போவதில்லை.

இறுதியாக, விடுமுறைக்கு ஊர் செல்பவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுமுன் தலையணையை நன்றாக உலரவிட்டு, பழைய பருத்தி உறையில் இட்டுக் கட்டிலின் மேல் தட்டையாக வையுங்கள். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் எஞ்சிய ஈரம் உள்ளேயே தங்கும். பெட்டிக்கு அடியில் அமுக்கி வைத்தால் மாதக் கணக்கில் பெற்ற அழுத்தம் மீளாமலே போகலாம். பருத்தித் தலையணை கட்டிபட்டால், தெருவில் வில்லோடு வரும் பஞ்சு கொட்டுபவர் அதனைப் புதுப்பித்துக் கொடுப்பார். நுரையைப் புதுப்பிக்க வல்லவர் எவருமில்லை. உதவித்தொகையிலிருந்து பணம் எடுத்துப் புதிது வாங்குவதே வழி. ஆதலின் இருப்பதைக் காப்பதே நமக்கு ஆதாயம்.

பாட்டியின் விதியை நாம் கைவிட்டோமில்லை. பொருளின் இயல்பை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள் என்பதே அதன் உட்பொருள். பொருள் மாறியதால் நடைமுறை மாறியது. ஐயமுள்ள தோழர்கள் தத்தம் தலையணையின் சீட்டோடு மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரலாம். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.