ஆற்றில் வால்ஐ, சாகர் பிடிக்க இலையுதிர்காலமே ஏற்றது: புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

செப்டம்பர் கடைசியில் மேல் மிசிசிப்பி ஆறு குளிரத் தொடங்கியதும் வால்ஐ, சாகர் என்னும் இரண்டு மீன்களும் ஓட்டத்தை எதிர்த்து மேலேறத் தொடங்கும். வழியில் அணை மறிக்கும். அதற்குக் கீழே உள்ள பள்ளங்களில் குளிர்காலம் வரை தங்கிவிடும். கோடையில் மைல்கணக்கில் சிதறிக் கிடந்த மீன் இப்போது ஓரிடத்தில் சேர்கிறது. அதனால்தான் புதிதாகத் தூண்டில் பிடிப்பவரை நான் இந்தப் பருவத்தில் ஆற்றுக்குப் போகச் சொல்வேன்.

பழக நல்ல இடம் மின்னசோட்டா மாநிலத்தின் ரெட் விங். மினியாபொலிஸிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம். ஊருக்கு மேலே 3ஆம் எண் அணை இருக்கிறது. அதற்கும் விஸ்கான்சினின் ஆல்மா ஊரில் உள்ள 4ஆம் எண் அணைக்கும் இடைப்பட்ட ஆற்றுப் பகுதியை ‘பூல் 4’ என்பார்கள். அகன்ற பெப்பின் ஏரியும் இதற்குள்தான் வருகிறது.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டும் நெருங்கிய உறவு. முதல் பார்வையில் குழப்பும். வாலின் கீழ்நுனியைப் பாருங்கள். அங்கே பளிச்சென்று வெள்ளை இருந்தால் வால்ஐ. அதன் முன்முதுகுத் துடுப்பின் கடைசியில் ஒரு கருந்திட்டும் இருக்கும். சாகருக்கு அந்த வெள்ளை நுனி கிடையாது. துடுப்பை விரித்தால் கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். உடம்பில் பழுப்புத் திட்டுகள். இரண்டும் கலந்து பிறந்த மீனும் உண்டு. சட்டம் இரண்டையும் வேறு வேறாக அளப்பதால் இந்த அடையாளம் அவசியம்.

இரண்டுக்கும் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் இரைமீனை விட இவற்றுக்கு நன்றாகக் கண் தெரியும். ஆகவே விடியலும் அந்தியும் வால்ஐ பிடிக்க நல்ல நேரம். சாகர் இன்னும் ஆழத்தில், கலங்கல் தண்ணீரில் இருப்பதால் நட்டநடுப் பகலிலும் கடிக்கும். தாமதமாக எழுபவர்கள் சாகரையே நம்பலாம்.

சாமான்: கொஞ்சம் போதும்

ஆறரை அடி நீளமுள்ள, நுனி விரைவாக வளையும் ஒரு ஸ்பின்னிங் கோல். ரீலில் 10 பவுண்டு பின்னல் நூல். அதன் முனையில் இரண்டு மூன்றடிக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு. தூண்டிலுக்கு ஜிக், அதாவது முள்ளின் தலையிலேயே ஈயம் வார்த்தது. கால், எட்டில் மூன்று, அரை அவுன்ஸ் (சுமார் 7, 11, 14 கிராம்) என மூன்று எடையில் வாங்குங்கள். ஆரஞ்சு, மஞ்சள்பச்சை ஆகிய இரண்டு நிறங்கள் கலங்கல் தண்ணீருக்குப் போதும். கடையில் அடுக்கியிருக்கும் மற்ற நிறங்கள் பெரும்பாலும் மனிதர்களைப் பிடிப்பதற்காக.

இரைக்கு உயிருள்ள மின்னோ சிறுமீன். முள்ளை வாய் வழியாகச் செலுத்தி உச்சந்தலையில் வெளியே எடுங்கள். தண்ணீர் குளிரக் குளிர மீன் அரைமனதோடு வால்பக்கம் மட்டும் கடிக்கும். அப்போது ஜிக்கில் ஒரு சின்ன மும்முனை முள்ளைக் குட்டை நரம்பில் கட்டி, மின்னோவின் வாலருகே குத்திவிடலாம்.

ஓட்டத்தைப் படியுங்கள்

முக்கியமானது இதுதான். ஆற்றுமீன் ஓட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காது. மெதுவான தண்ணீரில் ஒதுங்கி, வேகமான தண்ணீர் அடித்துவரும் இரைக்குக் காத்திருக்கும். இரண்டும் உரசும் கோட்டைத் தண்ணீரின் மேற்பரப்பிலேயே பார்க்கலாம்: ஒரு பக்கம் நுரையும் இலையும் விரைந்து போகும், மறுபக்கம் சுழன்று நிற்கும்.

பருவத் தொடக்கத்தில் ‘விங் டேம்’களைத் தேடுங்கள். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் கல்வரிசைகள் இவை. நீரோட்டத்தை நடுவே குவித்துக் கப்பல் பாதையை ஆழப்படுத்த 19ஆம் நூற்றாண்டில் ராணுவப் பொறியாளர்கள் போடத் தொடங்கியவை. 1930களில் அணைகள் வந்து நீர்மட்டம் உயர்ந்ததும் மூழ்கிவிட்டன. மேலே நெளியும் அலை மட்டும் காட்டிக்கொடுக்கும். புதியவர்கள் கல்லுக்குப் பின்னால் போடுவார்கள். ஆனால் பசித்த வால்ஐ பெரும்பாலும் கல்லின் முன்பக்கம், ஓட்டம் வந்து மோதும் இடத்தில் இருக்கும்.

தண்ணீர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் கல்வரிசையை விட்டுவிடுங்கள். கப்பல் பாதையின் சரிவுகளிலும் அணைக்குக் கீழுள்ள பள்ளங்களிலும் 20, 25 அடியில் தேடுங்கள்.

ஜிக் போடும் முறை

படகின் மூக்கை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி, மின்மோட்டாரை மெல்ல ஓட்டி, ஓட்டத்தின் வேகத்திலேயே படகைக் கீழே நழுவ விடுங்கள். நூல் செங்குத்தாக நிற்க வேண்டும். ஜிக் தரையைத் தட்டியதும் அரையடி தூக்கி, நூல் தொய்யாமல் இறக்குங்கள். பெரும்பாலும் இறங்கும்போதுதான் கடி விழும். அது வெடுக்கென்ற இழுப்பாக இருக்காது. ஜிக் திடீரெனக் கனத்ததுபோல் தோன்றும். உடனே கோலை உயர்த்துங்கள்.

தரை தட்டுவது கைக்குத் தெரியவில்லையா, நூல் சாய்கிறதா? அடுத்த எடைக்குப் போங்கள். ஆற்றில் இலேசான ஜிக்கைப் பிடித்துத் தொங்குவதால்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கரையிலிருந்து போடுபவர்கள் ஓட்டம் வரும் பக்கமாகச் சற்றுச் சாய்த்துக் குறுக்கே வீசி, ஜிக் தரையில் உருண்டு வர விடலாம். கல்லில் சிக்கிச் சில ஜிக் போகும். அது கணக்கிலேயே சேர்த்தி.

பிடித்த பிறகு

வாய்க்குள் விரலை விடாதீர்கள். பல் கூர்மை, செவுள்மூடியின் ஓரமும் கையைக் கிழிக்கும். 30 அடிக்கும் கீழிருந்து தூக்கிய மீனுக்குக் காற்றுப்பை வீங்கிவிடும். திருப்பி விட்டாலும் பிழைப்பது சந்தேகம். ஆகவே அந்த ஆழத்தில் பிடித்து விட்டு விளையாடாதீர்கள். உண்ணத் தேவையானது கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். வெள்ளைச் சதை, சுலபமாக முள் நீக்கலாம், வறுவலுக்கு அருமை.

மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களின் இந்த எல்லை ஆற்றில் 2020 முதல் நாளொன்றுக்கு இரண்டும் சேர்த்து ஒருவருக்கு 4 மீன்தான். வால்ஐ குறைந்தது 15 அங்குலம் இருக்க வேண்டும். சாகருக்குக் குறைந்தபட்ச அளவு இல்லை.

படகில் கவனம்

குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. உயிர்காப்புச் சட்டையைக் கழற்றாதீர்கள். அணையடியில் பலகை போட்டுக் குறித்த எல்லைக்குள் போகாதீர்கள். நங்கூரத்தை முன்பக்கத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்; பின்பக்கம் கட்டினால் ஓட்டம் படகுக்குள் ஏறிவிடும். சரக்குப் படகுகள் சட்டென்று நிற்க முடியாது, அவற்றின் பாதையில் நிற்காதீர்கள். கரையேறியதும் படகின் அடைப்பானைத் திறந்து தண்ணீரை முழுக்க வடியுங்கள். வரிச்சிப்பி போன்ற அயல் உயிரினங்கள் அதில்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. உரிமமும் அளவு விதிகளும் மாறக்கூடியவை. கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.