நுழைகழியும் பாறைச்சரிவும்: நோர்வேயின் தாபியோர்ட்

நோர்வேயின் மேற்குக் கரையில் பியோர்ட் என்னும் சிறிய உள்ளூராட்சிப் பிரதேசம் உண்டு. அச்சொல்லின் பொருளே நுழைகழி. நூர்டால், ஸ்தூர்டால் ஆகிய இரண்டும் 2020 இல் இணைக்கப்பட்டு இது உருவானது.

பனிக்கட்டியாறு குடைந்த யூ வடிவப் பள்ளத்தாக்கினுள் கடல்நீர் புகுவதால் நுழைகழி தோன்றும். பக்கங்கள் செங்குத்தானவை, சமநிலம் அரிது. எனவே மக்கள் நீர்விளிம்பிலேயே குடியேறினர். அதுவே ஆபத்தாயிற்று.

1934 ஏப்ரல் 7 அதிகாலை, ஏறத்தாழ 700 மீற்றர் உயரத்திலிருந்து பெரும் பாறைத்திணிவொன்று தாபியோர்ட் நுழைகழியினுள் வீழ்ந்தது. ஒடுங்கிய நீர்ப்பரப்பில் எழுந்த அலை கரையில் ஏறிய அதிகூடிய உயரம் 62 மீற்றர். தாபியோர்ட், பியோரோ கிராமங்களில் 40 பேர் இறந்தனர். இதற்குப் புவிநடுக்கமே காரணம் என எழுதுதல் தவறு.

அயலிலுள்ள ஸ்ட்ராண்டா பிரதேசத்தின் ஒக்கர்நேசெட் மலைச்சாய்வில் விரியும் வெடிப்பு இன்று கருவிகளால் இடையறாது அளக்கப்படுகிறது.

வினா: நுழைகழிக் கரையில் குடியிருப்புகள் நீர்விளிம்பில் அமைந்தமைக்கான காரணத்தை விளக்குக.