கணக்கு வராதா? பணத்தை நீங்களே பார்த்துக்கலாம்!

1,540 ரூபாய் அனுப்ப வேண்டிய இடத்துல 1,450ன்னு அடிக்கிறீங்களா? சில்லறையை எண்ணும்போதெல்லாம் வேற வேற தொகை வருதா? சின்ன வயசுலேர்ந்தே இப்படின்னா, அது கவனக்குறைவு இல்லாம டிஸ்கால்குலியாவா இருக்கலாம். எண்களைக் கையாள்வதில் வரும் கற்றல் குறைபாடு இது. அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

இந்தப் பயத்துலயே சம்பளத்தையும் பின் நம்பரையும் வேற ஒருத்தர் கையில கொடுத்துடாதீங்க. மூணு பழக்கம் போதும்.

1. எஸ்ஐபி, கிரெடிட் கார்டு பில் ரெண்டையும் ஆட்டோ டெபிட்ல போடுங்க. கார்டுக்கு 'மினிமம் டியூ' வேண்டாம், 'டோட்டல் டியூ' தேர்ந்தெடுங்க.

2. புது அக்கவுண்ட் நம்பரை டைப் பண்ணாம காப்பி பண்ணிப் போடுங்க. முதல்ல 1 ரூபாய் அனுப்பி, வந்துச்சான்னு கேட்டுட்டு மீதியை அனுப்புங்க.

3. ஆபீஸ்ல ரெண்டு தொகை ஒத்துப்போகலையா? வித்தியாசத்தை 9-ஆல் வகுங்க. மீதியில்லாம வகுபட்டா, இலக்கங்கள் இடம் மாறியிருக்கான்னு முதல்ல பாருங்க. 1,540 − 1,450 = 90. கணக்காளர்களோட பழைய டெக்னிக் இது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவையும் கற்றல் குறைபாடா அங்கீகரிக்குது. சந்தேகம் இருந்தா மருத்துவ உளவியலாளரைப் பாருங்க. ஹெச்ஆர்கிட்ட கூடுதல் நேரம், இன்னொருவர் சரிபார்ப்பு கேட்கத் தயங்காதீங்க.